தராசும் படக்கருவியும்

சுங்கை பினாங் வட்டாரத்து வர்த்தகப் பெருமக்களே! நம் காலத்து மனிதநேயத் தொண்டர்களைப் பற்றிக் குறும்படங்கள் எடுக்கவேண்டும் என்ற ஆவல் நம் வாலிபர்களிடையே எழுந்துள்ளது. நல்ல ஆவல்தான். ஆயினும், பணம் கொடுப்பவர் நாம், படம் எடுப்பவர் அவர்கள் என்று ஆகும்போது, யாருக்கு எதில் உரிமை என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் படமும் கெடும், உறவும் கெடும்.

முதற்படம் யாரைப் பற்றி என்று தூரதேசம் போய்த் தேடவேண்டியதில்லை. மர்ஹூம் எஸ்.எம். முஹம்மது இத்ரீஸ் அவர்கள் (1926–2019) தமிழகத்திலிருந்து வந்து பினாங்கில் வாழ்ந்த வணிகர். 1969-ல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தலைமை வகித்தார். 1977-ல் உருவான சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் அவரே நடத்தினார். சரவாக் காடுகளுக்காகவும் அங்குள்ள பூர்வகுடிகளுக்காகவும் அந்த ஸ்தாபனம் செய்த போராட்டத்துக்கு, 'மாற்று நோபல்' என்று வழங்கும் ரைட் லைவ்லிஹுட் விருது 1988-ல் கிடைத்தது. அதே விருதை 1982-ல் பெற்ற ஜனாப் அன்வர் ஃபஸால் அவர்களும் பினாங்கைத் தளமாகக் கொண்டு உழைத்தவரே. ஒரு சிறு தீவுக்கு இது சாமானியமல்ல.

ஆனால் இந்த விவரங்களை வரிசையாகச் சொல்லி, இடையிடையே மாலையையும் கேடயத்தையும் காட்டினால் அது வாழ்த்துமடலாகுமே தவிர, படமாகாது. ஒரு தொண்டரைக் காட்டவேண்டுமானால் அவர் யாருக்காக நின்றார், யாரை எதிர்த்து நின்றார் என்ற இரண்டையும் காட்டவேண்டும்.

இங்கேதான் நமக்குச் சங்கடம். உணவில் கலப்படம், நிறுவையில் குறைவு, ஏமாற்று விளம்பரம் ஆகியவற்றைப் பயனீட்டாளர் சங்கம் கண்டித்தபோது, அந்தக் கண்டனம் பெரிய கம்பெனிகளோடு நின்றுவிடவில்லை. நம்மைப் போன்ற கடைக்காரர்களையும் தொட்டது. சீனியைக் குறையுங்கள் என்று அச்சங்கம் பல்லாண்டு பிரசாரம் செய்தது. தே தாரிக் ஆற்றி விற்கும் நமக்கு அது இனிக்கிற பேச்சா? நாளைக்கு இப்படத்துக்கு ஐந்நூறு வெள்ளி கொடுத்த ஒருவர், "தம்பி, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்" என்றால் படமெடுக்கும் பிள்ளை என்ன செய்வான்?

ஆகவே நம் யோசனை இது. பணம் கொடுத்தவர்கள் பெயர் படத்தின் முடிவில் ஒருமுறை வரட்டும். கடைப் பலகை படத்துக்குள் வரவேண்டாம். எதை வைப்பது, எதை வெட்டுவது என்பது படமெடுப்போர் பொறுப்பு. ஆண்டும் பெயரும் சரிதானா என்று பார்ப்பதோடு சங்கத்தின் வேலை முடிகிறது. தன்னைக் குறை சொல்லும் படத்துக்குத் தானே பணம் கொடுப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். குறைத்து நிறுப்பவன் மலிவாக விற்கிறான். அதனால் முதலில் நஷ்டப்படுபவர் பக்கத்துக் கடையில் நேர்மையாக நிறுப்பவர் அல்லவா? முதஃப்பிஃபீன் சூரா ஓதும் நமக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

யாருக்காக நின்றார் என்பதற்குக் கோலா ஜூரு போதும். 1970-களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து மீன்வளம் குன்றியபோது, அந்த மலாய் மீனவர்களின் குறையைப் பயனீட்டாளர் சங்கம் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. மீனவர்களோ கைகட்டி நிற்கவில்லை. கூட்டுறவு முறையில் சேர்ந்து கெராங் வளர்க்கத் தொடங்கினார்கள். இப்பகுதியை எடுக்க நம் பிள்ளைகள் மட்டும் போனால் போதாது. மலாய் நண்பர் ஒருவர் கேள்வி கேட்கட்டும். மீனவர் தம் பாஷையில் தாராளமாகப் பேசுவார். படத்தொகுப்பில் தேர்ந்த சீன வாலிபர் அகப்பட்டால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழிலும் மலாயிலும் எழுத்து ஓடட்டும். தன் ஆற்றின் அழுக்கைப் பற்றிப் பல காலமாகப் பேசிவரும் சுங்கை பினாங் மக்களுக்கு ஜூரு ஆற்றின் கதை எளிதில் விளங்கும்.

தொழில் விஷயமாகச் சில வார்த்தைகள். ஏழு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கைப்பேசியில் எடுத்தாலே படம் தெளிவாக வருகிறது, கெடுவது ஒலிதான். ஆகையால் பேசுபவர் சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கிக்கு முதற்செலவு செய்யுங்கள். பேட்டியின்போது மின்விசிறியை நிறுத்துங்கள். பேசியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பழைய பத்திரிகைப் படங்களைக் கேளாமல் எடுக்கவேண்டாம். சங்கத்தின் வெளியீடுகளையும் பழைய படங்களையும் பார்வையிட, ஜாலான் மஸ்ஜித் நெகிரியிலுள்ள அதன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி கோரலாம்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். கோலா ஜூருவில் அன்று வலை வீசிய வாலிபர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.