இரண்டு கோடு விழுந்தால் எல்லாம் கர்ப்பம்தானா?



ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு வயது 40. இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்குக் கல்யாண வயது. சில மாதங்களாக மாதவிலக்கு ஒழுங்காக இல்லை. ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதம் திட்டுத்திட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது.

"என்னங்க, இந்த வயசுல முழுகாம இருக்கேனோ என்னவோ, பயமா இருக்கு" என்கிறாள். கணவர் மருந்துக் கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி வருகிறார். காலைச் சிறுநீர் இரண்டு சொட்டு விட்டதும் இரண்டு கோடு விழுகிறது.

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிற நேரத்துல ஊர் என்ன சொல்லும்?" இருவரும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அவர் அதே கடையில் கருக்கலைப்பு மாத்திரை கேட்டு வாங்குகிறார். உதிரம் அதிகமாகப் போகிறது. "கலைஞ்சிடுச்சு" என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் உதிரம் நிற்கவில்லை. மறுபடி அட்டை போட்டால் மறுபடியும் இரண்டு கோடு! ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பை காலியாக இருக்கிறது. அதன் பிறகுதான் ஒரு டாக்டரம்மா கர்ப்பவாயைக் கண்ணால் பார்க்கிறார். அங்கே, தொட்டால் உதிரம் வருகிற புண். அது புற்றுநோய்.

இது மிக அபூர்வம். இரண்டு கோடு விழுந்தவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டாம். ஆனால் நடக்கக்கூடியதுதான். அந்த இரண்டு மாதம் வீணானதே என்பதுதான் நம் கவலை.

அட்டை எதைக் காட்டுகிறது?

கரு உண்டானதும், பிறகு நஞ்சாக வளரப்போகிற பகுதி எச்.சி.ஜி. என்ற ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் கலந்து சிறுநீரிலும் வருகிறது. அட்டையில் உள்ள மருந்து அந்த ஹார்மோனைப் பிடித்துக் கோடாகக் காட்டுகிறது. அவ்வளவுதான். அட்டை பிள்ளையைப் பார்ப்பதில்லை.

சாம்பிராணி வாசனை வந்தால் நம் வீட்டில் பூஜை நடக்கிறது என்று நினைப்போம். அநேகமாக அது சரிதான். ஆனால் எப்போதாவது அந்த வாசனை பக்கத்து வீட்டிலிருந்தும் வரும் அல்லவா? இதுவும் அப்படியே.

கர்ப்பப்பையில் பிள்ளை இல்லாமலே கோடு விழும் சந்தர்ப்பங்கள் சில உண்டு:

1. கரு கலைந்த பிறகும் சில வாரங்கள் ஹார்மோன் உடம்பில் மிச்சம் இருக்கும்.

2. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். இது உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் கடுமையான வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

3. முத்துப்பிள்ளைக் கர்ப்பம். பிள்ளை வளராமல், நஞ்சு மட்டும் திராட்சைக் குலை போல் வளர்வது. இதில் ஹார்மோன் அளவு மிக அதிகமாக இருக்கும்.

4. பிள்ளைப்பேறுக்காக இதே ஹார்மோனை ஊசியாகப் போட்டிருந்தால் சில நாள் வரை கோடு விழலாம்.

5. மிக அபூர்வமாக, சில புற்றுநோய்க் கட்டிகள் இதைச் சுரக்கும். கர்ப்பவாய்ப் புற்று அவற்றுள் ஒன்று.

புற்றுநோய் ஏன் கர்ப்ப ஹார்மோனைச் சுரக்கிறது?

இந்த ஹார்மோனைச் செய்வதற்கான குறிப்பு நம் உடம்பின் அணுக்களில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது உறங்கிக்கிடக்கும். அணுக்கள் கட்டுமீறிப் பெருகிப் புற்றாக மாறும்போது, உறங்கவேண்டிய குறிப்பு சில சமயம் விழித்துக்கொள்கிறது. அதுதான் காரணம்.

நல்ல கர்ப்பத்தில் முதல் சில வாரங்களில் ஹார்மோன் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். புற்றுநோயில் அநேகமாக அப்படி ஏறாது. குறைந்த அளவிலேயே நின்றுகொண்டிருக்கும். ஆகவேதான் டாக்டர் ஒரு தடவை இரத்தம் எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரச்சொல்கிறார். "எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பாங்க?" என்று சலித்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஹார்மோன் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. புற்று அணுக்கள் பல சமயம் ஒரு துண்டை மட்டுமே வெளியிடும். அதனால் அட்டையில் ஒன்றும் தெரியாமல் இரத்தத்தில் மட்டும் தெரியலாம். கர்ப்பவாய்ப் புற்று உள்ள பலருக்கு ஹார்மோன் ஏறுவதே இல்லை. எனவே, "அட்டையில ஒண்ணும் இல்ல, அப்ப புற்றும் இல்ல" என்று எண்ணுவது பெரிய தவறு.

கர்ப்பவாயைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள்

* இரு விலக்குகளுக்கு நடுவே உதிரம் படுதல்
* கணவன் மனைவி சேர்ந்த பிறகு உதிரம் படுதல்
* விலக்கு நின்றுபோன பிறகு மறுபடி உதிரம் வருதல்
* துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்
* இடுப்பு, அடிவயிற்றில் நீங்காத வலி

கர்ப்பிணிக்கு உதிரம் பட்டாலும் கர்ப்பவாயைப் பார்க்க வேண்டியிருக்கும். கண்ணால் பார்ப்பதால் சிசுவுக்குக் கெடுதல் இல்லை.

வெட்கம் வேண்டாம்

கர்ப்பவாய்ப் புற்று அநேகமாக எச்.பி.வி. என்ற கிருமியால் வருகிறது. ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் இதைக் கண்டறிந்ததற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய உறவில் தொற்றும் கிருமி இது. உறவு கொள்கிற பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றி, தானே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. ஆகவே இது யாருடைய ஒழுக்கத்துக்கும் அளவுகோல் அல்ல. ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட இதில் இடமே இல்லை.

பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வதுதான் நமக்குக் கிடைத்த அவகாசம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரு சோதனை நடந்தது. கர்ப்பவாயில் காடி போன்ற அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். 2007இல் முடிவு வெளியானபோது, சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பவாய்ப் புற்றால் ஏற்பட்ட மரணம் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. நம்மைப்போன்ற கிராமத்துப் பெண்கள்தான் இதை உலகுக்கு நிரூபித்தவர்கள்! அதே 2007இல் தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இச்சோதனையைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் விரிவாக்கியது.

அடையாறு என்றாலே பயமா?

பட்டணத்துக்கு நாம் எதற்கெல்லாமோ வருகிறோம். அறுபத்துமூவர் பார்க்க மயிலாப்பூர், கல்யாணத் துணிமணிக்குத் தியாகராய நகர். ஆனால் "அடையாறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துட்டாங்க" என்றால் மட்டும் வீடே அழுகிறது. அந்த ஆஸ்பத்திரி பிறந்த கதையைக் கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தில் அவர் எடுத்த உறுதியால், 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955இல் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் காலமாகும்வரை அதற்காகவே வாழ்ந்தார். இருவரும் திரும்பத்திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும். ஆரம்பக் கட்டத்தில் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ போதும். முற்றிய பிறகு வருபவர்களுக்குத்தான் கஷ்டம்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை தங்களுக்கு உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்ளவும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

அட்டை வாங்கிவர நீங்கள் கடைக்குப் போனீர்கள். அதே அக்கறையோடு ஆஸ்பத்திரிக்கும் கூடப்போங்கள். "பொம்பளை சமாச்சாரம்" என்று வாசலில் நிற்காதீர்கள். வயலில் ஒரு மாட்டுக்குக் காலில் புண் வந்தால் அன்றைக்கே பார்க்கிறோம். மனைவிக்கு இரண்டு மாதமாக உதிரம் படுகிறதென்றால் எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும்!

நினைவில் வையுங்கள்

1. இரண்டு கோடு விழுந்தால் முதலில் கிராம சுகாதார நர்ஸிடம் சொல்லுங்கள். பிள்ளை வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்.

2. கலைக்கும் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். பிள்ளை எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதே தெரியாமல் கலைப்பது எதை?

3. கோடு இருக்கிறது, ஸ்கேனில் கரு இல்லை என்றால் டாக்டர் சொன்ன நாளில் மறுபடி இரத்தம் கொடுங்கள். உதிரமும் பட்டுக்கொண்டிருந்தால், "கர்ப்பவாயையும் பாருங்கம்மா" என்று நீங்களே கேளுங்கள்.

4. ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், 30 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கர்ப்பவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

5. 9 முதல் 14 வயது வரை உள்ள பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி பற்றி விசாரியுங்கள். நம் நாட்டிலேயே தயாராகும் தடுப்பூசி 2022இல் அனுமதி பெற்றது.

அட்டை ஒரு கேள்வியைத்தான் எழுப்புகிறது. பதிலை ஆஸ்பத்திரியில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படித்து முடித்ததும் இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.