ஊருக்குத் தெரியுது, ஆபீசுக்குத் தெரியல!

எங்க அண்ணன் ஆபீஸ் வெப்சைட் வெளியில நல்லா திறந்துச்சு. ஆபீசுக்குள்ள மட்டும் திறக்கல. சர்வரே போச்சுன்னு ஒருத்தர் அதை நிறுத்திட்டார். வெளியூர் வாடிக்கையாளர்களுக்கும் போச்சு!

காரணம் என்ன? சர்வர் இருந்தது அதே ஆபீசில். பெயரைச் சொன்னால் எண் முகவரி தருவது டி.என்.எஸ். அது தந்ததோ வெளி முகவரி. உள்ளிருந்து வாசலுக்கு வந்ததைத் திருப்பி உள்ளேயே அனுப்ப சில ரவுட்டர்களால் முடியாது.

சோதிக்கும் முறை:
1. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். திறந்தால் சர்வர் நலம்.
2. 'என்எஸ்லுக்கப்' கட்டளை கொடுங்கள். வெளி முகவரி வருகிறதா?
3. சர்வரின் உள்முகவரியை (பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும்) பிரவுசரில் அடியுங்கள்.

தீர்வு: உள்ளே கேட்பவருக்கு உள்முகவரியையே சொல்லும்படி ஆபீஸ் டி.என்.எஸ்.-ஐ அமைக்க வேண்டும்.

மறக்காதீங்க: சோதிக்காம சர்வர்ல கை வைக்காதீங்க!