முகாம் முடிந்த மறுநாள்

கண் பரிசோதனை முகாம் நடத்துவது அப்படியொன்றும் கடினமில்லை. ஒரு மருத்துவமனையிடம் தேதி வாங்கி, பந்தல் போட்டு, முதல் நாள் மாலை ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தால் சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கூட்டம் வந்துவிடும். மதியத்துக்குள் எல்லோரையும் பார்த்து, புரை உள்ளவர்கள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். என் வேலை ஆரம்பிப்பது மறுநாள்தான். சீட்டு வாங்கியவர்களில் யார் யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று வீடு வீடாகக் கேட்கிற வேலை அது.

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காரணம் கண் புரை என்று தெரிந்தது. சொட்டு மருந்தால் புரை கரையாது. அறுவை சிகிச்சையால் சரியாகும், அரசு மருத்துவமனையில் லென்ஸ் உட்பட இலவசமாகவே செய்கிறார்கள். எழும்பூர் கண்ணாஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. இருநூறு ஆண்டு தாண்டியும் நம் நகரத்தில் நடக்கிறது. அப்படியிருந்தும் பெசன்ட் நகர் பஸ் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பெரியவர் புரை முற்றிப் போய் உட்கார்ந்திருக்கிறார். இது அறியாமை இல்லை. இரண்டு கண் ஆஸ்பத்திரிகளின் பெயரை அவரே சொல்வார்.

நேரம்தான் முதல் தடை. 2015-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் தொடங்கிய கலை விழாவால் இந்தக் குப்பத்தின் பெயர் வெளியூர் வரை போனது. ஆனால் இங்கே உதவ வருகிற பலருக்கு இந்த ஊரின் காலை எப்படி நகர்கிறது என்று தெரியாது. விடிவதற்கு முன்பே படகு இறங்கிவிடும். கரை திரும்பியதும் மீனைப் பிரித்து, பெண்கள் விற்று முடிக்க உச்சி வெயில் வந்துவிடும். புறநோயாளிகளுக்கு டோக்கன் தருவதோ காலையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது ஓய்வாக இருப்பார்கள் என்று சிலர் திட்டம் போட்டு வருவார்கள். அந்த 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. இங்குள்ள ஃபைபர் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். விசைப்படகு வராததால் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற காலமும் அதுதான். ஆகவே நாள் குறிக்கும் முன் அந்த வீட்டுக்காரர்களையே கேளுங்கள்.

இரண்டாவது தடை, கூடப் போக ஆள் இல்லாதது. இதைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். கண் மங்கியவருக்குத் தனியாகப் பஸ் ஏற முடியாது. மகன் வந்தால் அவனுடைய ஒரு நாள் தொழில் போகும். "வேணாம்மா, வலை கட்டுறதுக்குக் கண்ணு எதுக்கு, கையே பாத்துக்கும்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைக்குச் செலவு வைக்க அவருக்கு மனமில்லை. "நான் கூட வரேன் ஐயா, சாயங்காலம் வீட்டுல கொண்டாந்து விடறேன்" என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆயிரம் துண்டறிக்கை அச்சடிப்பதற்குப் பதில், ஆளுக்கு ஒருவரை அழைத்துப் போகப் பத்துப் பேர் ஒப்புக்கொண்டால் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படிப் போகும்போது ஆதார், முதல்வர் காப்பீட்டு அட்டை, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளும் பையில் இருக்கட்டும். சர்க்கரை அளவு கூடுதலாக இருந்தால் அறுவையைத் தள்ளி வைப்பார்கள். ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டவரை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் முந்தைய வாரமே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். விழித்திரையைப் பார்க்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை கலங்கி வெளிச்சம் கூசும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "மருந்து ஊத்திக் கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்ற பேச்சு தெருவெல்லாம் பரவும். மாற்றுத்திறனாளிகளுக்குச் சாதாரண மாநகரப் பஸ்ஸில் கட்டணம் இல்லை, துணைக்கு வரும் ஒருவருக்கும் இல்லை. அறுவை முடிந்ததும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, எப்போது கடலுக்குப் போகலாம் என்பது. பொதுவாக "தண்ணி படாம பாத்துக்கோங்க" என்பார்கள். உப்புத்தண்ணீரிலேயே பிழைக்கிறவர் என்று டாக்டரிடம் நீங்கள் சொன்னால்தான் அவருக்கேற்ற பதில் கிடைக்கும்.

செலவு குறைந்த, அன்றே பலன் தெரிகிற உதவி வெள்ளெழுத்துக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை தளர்வது இயல்பு. ஆனால் எழுத்துப் படிக்காதவர்களிடம் எழுத்து அட்டையை நீட்டுவதில் என்ன பயன்? நான் ஒரு துண்டு வலையும் வலை ஊசியும் எடுத்துப் போவேன். கண்ணாடி மாட்டி, அறுந்த கண்ணியைத் தேடி முடிச்சுப் போட முடிகிறதா என்று பார்த்தாலே எந்தப் பவர் என்று தெரிந்துவிடும். பெண்களுக்கு மீனின் செதிலும் அரிசியில் கல்லும்தான் பரிசோதனை அட்டை.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கண் சிவந்தாலே "மெட்ராஸ் ஐ" என்று மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்கிற பழக்கம் இங்கு மட்டுமில்லை, அடையாறு பங்களாக்களிலும் உண்டு. மீனவர்களுக்கு உப்புக்காற்றிலும் வெயிலிலும் கண் அடிக்கடி உறுத்தும். விழியோரத்தில் சதையும் வளரும். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் உடனே சுகமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் ஊற்றினால் கண் நீர் அழுத்தம் ஏறி நரம்பு பாழாகலாம், புரையும் சீக்கிரம் வரலாம். வீட்டுக்குப் போகும்போது "என்ன மருந்து விடறீங்க, காட்டுங்க" என்று கேட்டுப் புட்டியைப் பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டால் வேறெதுவும் தேடாமல் குழாயடியில் பிடித்து நிறைய நேரம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைப்பேன்.

கண் தானம் பற்றிப் பேச நல்ல நேரம் தானாகவே அமைகிறது. கண் தான இருவாரம் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாவும் ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும். அந்தக் கூட்டத்தில் உறுதிமொழி அட்டையை நிரப்பித் தருபவர்கள் நிறைய. ஆனால் அட்டையை விட, சாவு வீட்டில் போன் செய்கிற ஆள்தான் தேவை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இறந்தவர் கண்ணாடி போட்டவரா, புரை அறுவை செய்தவரா என்பது தடையில்லை. முகம் கோரமாகாது. கருவிழி பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே இதனால் பார்வை வரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நரம்பு கெட்டவரின் வீட்டில் இல்லாத நம்பிக்கையை விதைப்பது கொடுமை.

கண் நீர் அழுத்தத்தில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். ஒருவருக்கு அது வந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பார்வை போன பிறகு அந்த மனிதர் எப்படி வாழப் போகிறார் என்பதில் நம் விழிப்புணர்வுப் பேச்சுகள் பெரும்பாலும் அக்கறை காட்டுவதில்லை. "பார்வையில்லா வாழ்வு இருண்ட வாழ்வு" என்று பதாகை எழுதி, அதைப் பார்வையற்றவர் ஒருவரின் வீட்டு எதிரிலேயே கட்டுகிறோம். மாணவர்களின் கண்ணைக் கட்டி நடக்கவிடுகிற பயிற்சியிலும் எனக்கு உடன்பாடில்லை. அதில் அவர்களுக்குக் கிடைப்பது முதல் ஐந்து நிமிடப் பயம் மட்டுமே. வருடக்கணக்கில் பழகியவரின் திறமை அதில் தெரியாது.

கைகொடுக்கும் முறையையாவது எல்லோரும் கற்கலாம். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைத் தொடக் கொடுத்து அரையடி முன்னால் நடந்தால், உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் புரியும். மணலில் வெள்ளைக் கோல் புதையும், தரையின் சேதி சரியாக வராது. அங்கே அலைச் சத்தம் எந்தக் காதில் விழுகிறது என்பதுதான் திசை. அவர் அதைக் கேட்டு நடக்கும்போது ஓயாமல் பேசிக்கொண்டு போகாதீர்கள். விட்டுவிட்டுப் போகும்போது "நான் கிளம்பறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பார்வை பெரும்பாலும் போன பிறகும் மீன் விற்கிற ஓர் அக்காவிடம் நான் கற்றது அதிகம். புதிய நூறு ரூபாய்த் தாள் 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐநூறு 150. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை, அதுவும் ஈரக் கையால், அவசர வியாபாரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட மணி செயலி, தாளைப் படம் பிடித்து மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. அதை அவர் மகளின் போனில் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி கணக்கு பார்க்கும்போது அது உதவுகிறது. கடையில் அவர் தன் வழியைத்தான் நம்புகிறார்: ஐநூறு சுருக்குப் பையில், இருநூறு நீளவாக்கில் மடித்து, நூறு மடிக்காமல் பலகைக்கு அடியில். சந்தேகம் வந்தால் தாளின் இரு ஓரத்திலும் உள்ள மேடான கோடுகளை நகத்தால் வருடுவார், ஐநூறுக்கு ஐந்து. ஒரு நாள் கூட்டம் சேர்ந்தபோது சில்லறை எண்ணித் தர நான் கை நீட்டினேன். "காசு நான் பாத்துக்கறேம்மா, நீ அந்தச் சாக்கை இழுத்து மீனை மூடு, காக்கா தூக்கிட்டுப் போவுது" என்றார்.