கடைக்குப் போகும்போது யாரைக் கூட்டிப் போகிறீர்கள்?

களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் களை எடுப்பது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். நாள் முழுக்கக் குனிந்து, குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தோடு. நஞ்சில்லா உணவு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் அவர்களுடைய இடுப்பு வலியும் சேர்ந்திருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சூளகிரி பக்கம் ராகி போடுகிறேன். வரிசை நடவு. அதற்காகச் சக்கரக் களைக்கருவி ஒன்று வாங்கினேன். கடையில் நானே தள்ளிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. வயலில் இறக்கிய இரண்டாம் நாளே அதை வரப்போரம் சாத்திவிட்டு, பழையபடி கொத்தை எடுத்துக்கொண்டார்கள். சோம்பல் என்று நினைத்து எரிச்சல்பட்டேன்.

"ஏம்மா, குனியாம வேலை செய்யத்தானே வாங்கியாந்தேன்?"

"அது உங்க உயரத்துக்குச் சரி சார். நாங்க தள்ளினா தோள்பட்டை கழண்டு போவுது."

டேப்பை எடுத்து அளந்தேன். கைப்பிடி தரையிலிருந்து 42 அங்குலம். என் முழங்கை 43. அவர்களுடையது 36, 37. முழங்கைக்கு மேலே கையைத் தூக்கித் தள்ளினால் உடம்பின் எடை துணைக்கு வராது. பாரமெல்லாம் தோளுக்கும் கழுத்துக்கும்தான்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் மருமகனிடம் சொன்னேன். "எங்க லைன்ல மேசை உயரத்தையே முழங்கையை வச்சுத்தான் மாமா முடிவு பண்ணுவோம்" என்றார். நட்டு முடுக்குகிறவருக்குக் கிடைக்கும் அக்கறை, களை எடுப்பவருக்கு ஏன் இல்லை?

நம் நாட்டிலேயே இதற்கு அளவுகள் உண்டு. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், பல மாநில உழவுத் தொழிலாளர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்டது. ஆண்களின் சராசரி உயரம் சுமார் 163 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 151. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ, தொழிலாளர் முதுகைக் கெடுக்கிறது என்று வழக்கு நடத்தி, குட்டைப் பிடிக் களைக்கொத்தையே 1975-இல் நிறுத்தவைத்தார்கள்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் கணக்கில் லட்சம், அடுத்தவர் கணக்கில் சைபர் என்றால் சராசரி ஐம்பதாயிரம். ஆனால் இரண்டாமவர் செக் திரும்பித்தான் வரும்! அதனால் கை எட்ட வேண்டிய இடத்துக்குக் குட்டையானவர் அளவு, உடம்பு நுழைய வேண்டிய இடத்துக்குப் பெரியவர் அளவு. முடிந்தால் ஏற்றி இறக்கும் வசதி.

நீங்கள் செய்ய வேண்டியது:

1. கருவியைத் தள்ளப் போகிறவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளவெடுங்கள்.
2. தள்ளும் கருவியின் கைப்பிடி அதைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்தே இருக்கட்டும்.
3. பிடியின் தடிமன் 3 முதல் 4 செ.மீ. போதும். விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும்.
4. வாங்கும் முன் அவரையே கடைக்குக் கூட்டிப்போய்த் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் கருவிக்கு வெல்டிங் பட்டறையில் பிடிக்குழாயில் மூன்று துளை போட்டு, போல்ட் மாட்டிக்கொண்டேன். ஆளுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கலாம். பயிரை ஒட்டிய களைக்கு இன்னும் கொத்து வேண்டியிருக்கிறது. மற்றபடி வரிசைக்கு நடுவே இப்போது நிமிர்ந்தே நடக்கிறார்கள்.

மண்ணுக்கு நோகாமல் உழ வேண்டும் என்கிறோம். அந்த மண்ணில் வேலை செய்கிற உடம்புக்கும் அதே நியாயம்தானே?