மாத்தளைச் சம்பளமும் கொழும்புச் சம்பளமும்

கேள்வி: உணவுத் தொழில்நுட்பம் படித்த மகளுக்கு மாத்தளையில் வேலை கிடைத்தால் கொழும்பைவிடச் சம்பளம் குறையுமா?

பதில்: அரச வேலையென்றால் குறையாது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மாத்தளை ஆராய்ச்சி நிலையத்திலும் கொழும்பிலுள்ள அரச ஆய்வுகூடத்திலும் ஒரே தரத்துக்கு ஒரே அடிப்படைச் சம்பளந்தான். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமும் நாடு முழுமைக்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளத்தையே வைத்திருக்கிறது. வித்தியாசம் தனியார் துறையில்தான். அதற்குக் காரணம் ஊரல்ல, சரக்கின் நிலை. மாத்தளை மிளகும் கராம்பும் சாதிக்காயும் பெரும்பாலும் உலர்த்தித் தரம் பிரித்த அளவிலேயே வெளியேறுகின்றன. அதற்குப் பட்டதாரி எதற்கு? நீராவியால் கிருமி நீக்குவது, எண்ணெய் பிரிப்பது, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்ப்பது என்று வரும்போதுதான் அவர் தேவைப்படுகிறார். அத்தகைய ஆலைகள் துறைமுகத்தை ஒட்டிய மேல் மாகாணத்திலேயே அதிகம்.

மாத்தளையில் செலவு குறைவுதானே என்பார்கள். வாடகை மிச்சமாகும், உண்மை. ஆனால் பதவி உயர்வு, கைமாறிப் போக இன்னொரு கம்பனி, இவை வாடகையில் ஈடாகா. முதல் சம்பளத்தைவிட ஐந்தாம் வருடச் சம்பளத்தைக் கேட்டுப் பாருங்கள். தம்புள்ளைப் பக்கம் காய்கறி பதனிடும் நிறுவனம் அழைத்தால், அங்கே ஆய்வுகூடம் உண்டா என்பதையும்.