பள்ளிச் சிறுவரும் அஹிம்சாணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களும்



ஆசாரியர் உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தார்க்குரிய விரதங்களை விளக்குவது. அதில் அஹிம்சாணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்கள், கூறப்பட்டுள்ளன. அவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க இயலாச் சுமையை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்று பொருள் கொள்வர். இங்கு ‘வதம்’ என்பது கொலையன்று. கோலாலும் கயிற்றாலும் அடிப்பதையே குறிக்கும். கொன்றால் விரதமே அழிந்துவிடும். கொல்லாமலே வருத்துவது அதிசாரம்.

இவ்வைந்தையும் மாட்டுக்கும் வண்டிக்கும் உரியனவாகவே நாம் படித்து வந்துள்ளோம். எட்டு வயதுக் குழந்தை ஒன்று பயிலும் தொடக்கப்பள்ளியின் முற்றத்தில் நின்று இவற்றை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வலியவன் எளியவனை வழிமறித்து நிறுத்துவது பந்தம். யாரும் காணாத மூலையில் குட்டுவதும் கிள்ளுவதும் வதம். தன் புத்தகப் பையை அவன் தோளில் ஏற்றி வீடுவரை சுமக்க வைப்பது அதிபாராரோபணம். அவன் உணவுப் பாத்திரத்தைப் பறிப்பதும், தண்ணீர்க் குழாயருகே அவனை அண்டவிடாமல் தள்ளுவதும் அன்னபான நிரோதமன்றி வேறென்ன?

அன்னபான நிரோதத்திற்கு நெடுந்தொலைவு சென்று சான்று தேட வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இராயகிரியும் அதனைச் சூழ்ந்த சங்கரன்கோவில் வட்டாரமும் நம்மவர்க்குப் புதியனவல்ல. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் வழியிலுள்ள கழுகுமலையைத் தரிசித்தவர் நம்முள் பலர். பாறைச் சரிவில் வரிசை வரிசையாக அமர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் குரவர், குரத்தியர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. பெண்பாற் குரவர்களும் இருந்து அறம் போதித்த இடம் அது. ‘பள்ளி’ என்னும் சொல்லே நம் முனிவரின் உறைவிடத்தைக் குறித்த சொல் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

அதே வட்டாரத்தைச் சேர்ந்த பாஞ்சாகுளம் என்னும் சிற்றூரில் 2022 செப்டம்பரில் நிகழ்ந்தது இது. தொடக்கப்பள்ளிச் சிறுவர் சிலர் தின்பண்டம் வாங்கக் கடைக்குச் சென்றனர். அவர்கள் பட்டியல் இனத்துக் குழந்தைகள். ஊரில் கட்டுப்பாடு விதித்திருப்பதாகவும், இனி அவர்களுக்கு எதுவும் விற்பதில்லை என்று வீட்டில் போய்ச் சொல்லும்படியும் கூறிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அக்காட்சி படமாக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. கடை முத்திரையிடப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைதுகள் நடந்தன. குற்றஞ்சாட்டப்பட்ட ஐவர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையலாகாது என நீதிமன்றமும் ஆணையிட்டது.

பெரியோர் பகையைச் சிறுவர் கையில் செய்தியாகக் கொடுத்தனுப்பிய நிகழ்ச்சி இது. அன்று அக்கடையருகே பிற குழந்தைகளும் நின்றிருப்பின், மறுநாள் வகுப்பில் யாரை ஒதுக்கலாம் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டிருப்பர். சிறுவரின் கொடுமையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேதம் மட்டும் பள்ளிக்கு வராது என்று எண்ணியிருந்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் பயின்றோரின் தொல்லை குறித்துப் பள்ளியில் முறையிட்டதன் பின், இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். அதன்மேல் அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுதல் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றைக் கட்டி அனுப்புவது பெரும்பாலும் வீடும் தெருவுமே. வெட்டுண்ட அம்மாணவர் மறு ஆண்டு தேர்வில் அறுநூற்றுக்கு 469 மதிப்பெண் பெற்றுத் தேறினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி, பாடத்தின் நுட்பமான பகுதிக்கு வருவோம். ஜீவனைப் பற்றி நிற்கும் ஆஸ்ரவத்தை ஆசாரியர் நூற்றெட்டாக விரிப்பார். எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என நான்கு. பெருக்கினால் நூற்றெட்டு. ஜபமாலையின் மணி எண்ணிக்கைக்கு இதனைக் காரணமாகக் கூறுவோரும் உளர்.

இவற்றுள் உடன்படுதல், அதாவது அனுமோதனை, பள்ளிக்கு மிகவும் பொருந்துவது. ஒருவன் அடிக்க, நால்வர் சிரிக்க, பத்துப் பேர் வாளாவிருப்பர். பின்லாந்து நாட்டு உளவியலறிஞர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் வெளியிட்ட ஆய்வில், துன்புறுத்தலைச் சூழ்ந்து நிற்போரைத் துணை செய்வோர், சிரித்து ஊக்குவோர், ஒதுங்குவோர், காப்போர் எனப் பிரித்துக் காட்டினார். அடிப்பவனைத் திருத்துவதைவிடச் சுற்றியிருப்போரின் சிரிப்பை நிறுத்துவதே எளிது என்னும் கருத்தின்மேல் அந்நாட்டுப் பள்ளித் திட்டம் ஒன்று பின்னர் எழுந்தது. கிருதம், காரிதம், அனுமோதனம் என்ற நம் பாகுபாட்டை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

நார்வேயில் 1983-இல் நாடு தழுவிய முதல் முயற்சி தொடங்கியது. மாணவர் துன்புறுத்தலால் சிறுவர் மூவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டதாகக் கருதப்பட்டதே அதற்குக் காரணம். அதனை வழிநடத்திய டான் ஓல்வியஸ், வேண்டுமென்றே செய்தல், மீண்டும் மீண்டும் செய்தல், வலிமை ஒப்பாக இல்லாமை என்னும் மூன்றும் கூடினால்தான் அது துன்புறுத்தல் என வரையறுத்தார். இருவர் பந்துக்குச் சண்டையிடுவது வேறு. பின்னர் 2009-இல் ஃபாரிங்டன், டோஃபி என்னும் அறிஞர்கள் பல நாட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு, அத்திட்டங்களால் துன்புறுத்தல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததெனக் கண்டனர். பெற்றோரைக் கூட்டிப் பயிற்றிய திட்டங்களில் பயன் மிகுதி என்பதும் அவர்கள் கண்டதே.

ஆதலின் வீட்டில் என் செய்வது? குழந்தை காரணமின்றி வயிற்றுவலி என்கிறது. பென்சில் நாள்தோறும் தொலைகிறது. உணவு அப்படியே திரும்புகிறது. வழக்கமான வழியை விட்டுச் சுற்றி வருகிறது. உடனே ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்பது தவறு. ‘நீயும் திருப்பி அடி’ என்பது அதனினும் தவறு. முழுவதையும் கேட்டு, நாளையும் இடத்தையும் குறித்து வைத்து, வகுப்பாசிரியரைத் தனியே காண்க. மற்றைக் குழந்தையின் பெற்றோருடன் பள்ளி வாயிலில் வாதிடுவதால் பகை இரு வீட்டுக்கும் பரவுமேயன்றித் தீராது.

நம் குழந்தைகளுக்கென ஓர் இடர் உண்டு. வகுப்பில் பெரும்பாலும் அவர்கள் ஒருவரோ இருவரோதான். வெங்காயம், உருளைக்கிழங்கு உண்ணாமையும், பொழுது சாயுமுன் உண்பதும், ஜினர் பெயர் தாங்கிய பெயர்களும் கேலிக்கு இடமாகின்றன. அவ்வழக்கத்தின் காரணத்தை மூன்று சொற்றொடரில் அச்சமின்றிச் சொல்லக் குழந்தைக்குக் கற்றுத் தருவது தாயின் கடன். காரணம் தெரியாத குழந்தையே கேலியில் நாணுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ‘அவன் பாத்திரத்தைத் தொடாதே, அவனோடு அமராதே’ என்று நாம் வீட்டில் சொல்வதைக் குழந்தை வகுப்பில் உரக்கச் சொல்கிறது. நாம் விரதமென்று கற்பித்தது அங்கே மானகஷாயமாக வெளிப்பட்டு, பக்கத்துப் பலகையிலிருப்பவனைத் தலைகுனியச் செய்கிறது. புலால் விலக்குவது வேறு. புலாலுண்பான் மகனை விலக்குவது வேறு. நம் பிள்ளையைப் பற்றியே முறையீடு வந்தால், ‘எங்கள் வீட்டில் எறும்பையும் மிதிக்கமாட்டோம்’ என்று மறுப்பதை விட்டு, அமர்ந்து விசாரிக்க வேண்டும். பிரதிக்கிரமணம் பெரியவர்க்கு மட்டும் உரியதன்று. அன்றாடம் உறங்குமுன் ‘இன்று யார் அழுதார்கள்? அப்போது நீ எங்கே நின்றாய்?’ என்று கேட்டாலே போதும். ஒதுங்கி நின்றவன் அதற்கு விடை தேடத் தொடங்குவான்.

சட்டமும் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதே சட்டப்படி அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். சுவர், குடிநீர், கழிப்பறை பற்றி அங்கே பேசுகிறோம். இடைவேளையில் அக்கழிப்பறையருகே யார் மேற்பார்வை செய்கிறார் என்பதையும் கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். பள்ளியில் தீர்வு கிட்டாதபோது, குழந்தைகளுக்கான 1098 என்னும் எண்ணிலும், தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி முறையிடலாம். இவ்விரு எண்களையும் குழந்தையின் நாட்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைக்க.