கோல்ப் ஆட்டத்தில் உடல் நிற்கும் முறை

கோல்ப் என்றவுடன், அது செல்வர்களின் பொழுதுபோக்காயிற்றே, அரசு கலைக் கல்லூரி மாணவனுக்கு அதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். களியக்காவிளையில் பேருந்து ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அங்கே கவடியார்ப் பகுதியில் பழமையான கோல்ப் மைதானம் ஒன்று உண்டு. ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் ‘கேடி’ வேலை என் மாமாவுக்கு. ஞாயிறுதோறும் நானும் உடன் செல்வேன். என் தேர்வுக் கட்டணம் அந்தக் கூலியில் கட்டப்படுவதுதான்.

மாமாவுக்கு யாரோ கொடுத்த பழைய 7-ஆம் எண் இரும்புக் கோல் எங்கள் வீட்டில் இருக்கிறது. மரச்சீனி பிடுங்கிய விளையில் புன்னைக்காயை வைத்து அடித்துப் பழகினேன். கோல் ஒன்று காயின் உச்சியைத் தட்டி உருட்டும், அல்லது காய்க்குப் பின்னால் மண்ணில் குத்தும். தலையைத் தூக்குகிறாய் என்றார்கள். கழுத்தை விறைத்துக்கொண்டு அடித்தேன். கழுத்து வலித்ததே தவிர அடி திருந்தவில்லை.

பிழை கழுத்தில் இல்லை. கோல் ஏறக்குறைய ஒரு வட்டத்தில் சுழல்கிறது. அவ்வட்டத்தின் தாழ்ந்த புள்ளி எங்கே விழுகிறது என்பதே கேள்வி. வலக்கை ஆட்டக்காரர், தரையில் கிடக்கும் பந்தை இரும்புக் கோலால் அடிக்கையில், அப்புள்ளி பந்துக்குச் சில அங்குலம் இடப்புறம், அதாவது இலக்கின் பக்கம், அமைய வேண்டும். முதலில் பந்து, அதன் பின்னரே புல். நானோ பந்தை எழுப்பும் ஆசையில் எடையை வலக்காலிலேயே நிறுத்திவிட்டேன். தாழ்புள்ளியும் வலப்புறமே தங்கிவிட்டது.

“பந்தெ நீ தூக்காண்டாம் மக்கா, கம்புக்க மொகம் தூக்கும்” என்றார் மாமா. அக்கோலின் முகம் சுமார் 30 பாகை சாய்ந்தது. பந்தை எழுப்புவது அச்சாய்வே.

கோல்ப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கோல் அதைத் தொட்டிருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே. தொட்டபின் திருத்த அவகாசமில்லை.

இன்னொரு பிழையும் என்னிடம் இருந்தது. கோல் இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கித் தள்ள, முதுகு நிமிர்ந்துவிடும். தலை உயர்வது அதன் விளைவே. என் அம்மா மண்வெட்டியால் கொத்துவதைப் பார்த்தபோது இது விளங்கிற்று. வெட்டு விழும்வரை இடுப்பிலிருந்து சாய்ந்த சாய்வு மாறுவதில்லை. எடை முன்காலில் ஊன்றிய பின்னரே மண்வெட்டி இறங்குகிறது. மண்வெட்டி நேரே இறங்குவது, கோல் பக்கவாட்டில் சுழல்வது. ஆகவே ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கலாகாது.

பயிற்சி எளிது. தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அது கால்களுக்கு நடுவே வருமாறு தோளகலத்தில் கால்களை ஊன்றி நில்லுங்கள். பந்தின்றிக் கோலைச் சுழற்றுங்கள். மண்ணில் விழும் கீறல் கோட்டில் தொடங்கி இடப்புறம் செல்லவேண்டும். வலப்புறம் தொடங்கினால், எடை இடக்காலுக்கு வரவில்லை என்று அறியலாம். நெடுந்தூரம் அடிக்கும் ‘டிரைவர்’ கோலுக்கு இவ்விதி பொருந்தாது. அங்கே பந்து சிறு ஆணியின்மேல், இடக் குதிகாலுக்கு நேரே இருக்கும், கோல் சற்று மேலேறும்போதே தொடும்.

டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார் என்பதை மாமா அடிக்கடி சொல்லுவார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சென்ற வாரம் இருபதில் பதின்மூன்று கீறல்கள் சரியாக விழுந்தன. மற்ற ஏழு, விளையில் குழியாகக் கிடக்கின்றன. அவற்றை மூடச்சொல்லி அம்மா மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்.